நாய்க்கு வயிறு கெட்டால் வீட்டில் செய்ய வேண்டியது
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு முன்னாடி பேசின அக்கா காளான் வளர்ப்பு பத்திப் பேசினாங்க. அதுக்கு முன்னாடி கடன் தவணை பத்திப் பேசினாங்க. நான் நாய்க்கு வயித்தால போறதைப் பத்திப் பேசப் போறேன்னு அறிவிச்சதும் பின் வரிசையில சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. சிரிங்க, பரவாயில்லை. ஆனா ஆட்டுக் கடன் வாங்கினவங்க கையைத் தூக்குங்கன்னு கேட்டா இங்க பாதிக் கை மேல போகும். அந்த ஆட்டுக்கு ராத்திரிக் காவல் யாரு? நம்ம வீட்டுக்காரரா? அவர் குறட்டை விட்டுத் தூங்குவார். காவல் நாய்தான். வாரச் சந்தாவும் வட்டியும் கட்டுறது நாம, அதைக் கட்ட வைக்கிற ஆட்டைக் காக்குறது அந்த வாயில்லா சீவன்.

எங்க வீட்டு நாய் பேரு செவலை. ராஜபாளையமும் இல்லை, சிப்பிப்பாறையும் இல்லை. சாதாரண ஊர் நாய். 15 கிலோ எடை இருக்கும். எங்க கொட்டகையில 8 ஆடும் அதோட குட்டிகளும் நிக்குது. நரி வந்தாலும், வெளியூர் நாய்க் கூட்டம் வந்தாலும், வண்டியை அணைச்சு உருட்டிக்கிட்டு ஆள் வந்தாலும் முதல்ல குலைக்கிறது செவலைதான்.

போன பங்குனியில எங்க தெருவுல ஒரு கெடா வெட்டு. விருந்து முடிஞ்சு எச்சி இலையெல்லாம் பின்னால குழியில போட்டிருந்தாங்க. செவலை அங்கேயே கிடந்து கொழுப்பும் எலும்பும் மசாலாச் சோறுமா தின்னுட்டு வந்துச்சு. நடுராத்திரி மூணு தடவை வாந்தி. விடியறதுக்குள்ள தண்ணி தண்ணியா ரெண்டு தடவை வெளிய போயிடுச்சு. காலையில வாசல்ல சுருண்டு கிடக்கு.

உடனே வீட்டுல வைத்தியம் ஆரம்பிச்சுட்டாங்க. எங்க அத்தை விளக்கெண்ணெய் ஊத்துன்னாங்க. எதிர் வீட்டுத் தாத்தா பச்சை முட்டையை உடைச்சு வாயில விடுன்னாரு. எங்க வீட்டுக்காரர் அவருக்கு வாங்கி வச்சிருந்த வயித்தால மாத்திரையில பாதியை எடுத்துட்டு வந்துட்டாரு. எல்லாரும் நல்ல எண்ணத்துலதான் சொன்னாங்க. ஆனா ஆடு வளர்ப்புப் பயிற்சியில கால்நடை மருத்துவர் நாயைப் பத்தியும் ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்திருந்தாங்க. நான் நோட்டுல எழுதி வச்சிருந்தேன். அதுல முதல் வரியே, 'மருந்து தேடுறதுக்கு முன்னாடி நாயைப் பாரு'ன்னு இருந்துச்சு.

என்னத்தைப் பாக்குறது? மேல் உதட்டைத் தூக்கி ஈறைப் பாக்கணும். நல்லா இருக்கிற நாய்க்கு ஈறு இளஞ்சிவப்பா, தொட்டா ஈரமா வழுவழுன்னு இருக்கும். விரலால ஒரு அமுக்கு அமுக்கி விட்டா வெளுத்து, ரெண்டு எண்ணுறதுக்குள்ள பழைய நிறம் திரும்பணும். அப்புறம் தோள்பட்டைக்கு மேல தோலைப் பிடிச்சுத் தூக்கி விடணும். சட்டுன்னு படிஞ்சா உடம்புல தண்ணி இருக்கு. கூடாரம் மாதிரி நின்னு மெதுவா இறங்கினா தண்ணி வத்திப்போச்சு. கூப்பிட்டா தலையைத் தூக்குதா, வாலை ஆட்டுதா, எந்திரிச்சு நடக்குதா, அதையும் பாக்கணும். கடைசியா அது போன கழிச்சலையும் வாந்தியையும் பாக்கணும். அருவருப்பா இருக்கும். பிள்ளைங்களுக்குப் பாக்காத அருவருப்பா? ரத்தம் இருக்கா, தார் மாதிரி கறுப்பா இருக்கா, புழு இருக்கா, பிளாஸ்டிக் துண்டு இருக்கான்னு ஒரு குச்சியால கிளறிப் பாத்தா தெரிஞ்சுடும்.

மூக்கு காஞ்சிருக்கு, உடம்பு சுடுது, அதனால காய்ச்சல்னு சொல்லுவாங்க. மூக்கை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. நாய்க்கு இயல்பான சூடே நம்மளைவிட அதிகம், 101 முதல் 102.5 டிகிரி வரைக்கும் இருக்கும். நம்ம கைக்கு அது எப்பவும் சுடத்தான் செய்யும்.

செவலைக்கு ஈறு ஈரமா இருந்துச்சு. தோல் உடனே படிஞ்சுச்சு. பேரைச் சொன்னதும் வாலைத் தரையில தட்டுச்சு. ரத்தம் இல்லை. வயசு நாலு, ஊசியெல்லாம் போட்ட நாய். அப்ப வீட்டுலயே ஒரு நாள் பாக்கலாம்னு முடிவு பண்ணினேன்.

முதல்ல வயித்துக்கு ஓய்வு. வளர்ந்த, திடமான நாய்னா 12 மணி நேரம் சோறு போடாம இருக்கலாம். அதுக்கு ஒண்ணும் ஆகாது. பட்டினி போட மனசு வராதுதான். எங்க அத்தை ரெண்டு தடவை பிஸ்கட்டை எடுத்துட்டு வந்தாங்க, நான் திருப்பி அனுப்பினேன். புண்ணாகி வீங்கின குடல்ல மறுபடி மறுபடி சோத்தைத் தள்ளினா அது மறுபடி வெளியதான் தள்ளும். ஆனா இந்தப் பட்டினி குட்டிக்கு ஆகாது. சினை நாய்க்கு, பால் கொடுக்கிற நாய்க்கு, எலும்பும் தோலுமா இருக்கிற கிழட்டு நாய்க்கும் ஆகாது.

சோறுதான் நிறுத்தணும், தண்ணியை நிறுத்தக் கூடாது. ஆனா சட்டி நிறைய வச்சா தாகத்துல மடமடன்னு குடிச்சுட்டு அப்படியே கக்கும். அதனால சட்டியை எடுத்துட்டு அரை மணிக்கு ஒரு தடவை ரெண்டு மூணு கரண்டி மட்டும் வச்சேன். அது தங்கினதும் கொஞ்சம் கூட்டினேன். நல்லா இருக்கிற நாளுலயே கிலோவுக்கு 50, 60 மில்லி தண்ணி ஒரு நாளைக்கு வேணும். 15 கிலோ நாய்க்கு முக்கால் லிட்டருக்கு மேல. கழிச்சல் போகும்போது அதைவிடக் கூடுதலா வேணும். நம்ம அங்கன்வாடியில கொடுக்கிற ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணியில கரைச்சு அதையும் இடையில வைக்கலாம். நக்கிக் குடிச்சா சரி. குடிக்கலைன்னா வெறும் தண்ணி போதும். மாட்டுக்குப் புகட்டுற மாதிரி மூங்கில் குழாயில வாயைத் திறந்து ஊத்தாதீங்க. தண்ணியோ எண்ணெயோ நுரையீரலுக்குள்ள இறங்கிட்டா வயித்தால நிக்கும் முன்னாடி மூச்சு நின்னுடும். விளக்கெண்ணெயை நான் வேண்டாம்னதுக்கு அதுவும் ஒரு காரணம். இன்னொண்ணு, அது பேதிக்குக் கொடுக்கிறது. ஏற்கனவே பேதியாகிற நாய்க்கு எதுக்கு?

சாயங்காலம் வாந்தி முழுசா நின்னுடுச்சு. பச்சரிசியைக் குழைய வடிச்சு, தோலும் எலும்பும் எடுத்த கோழிக்கறியை வெறும் தண்ணியில வேகவச்சுப் பிச்சுப் போட்டுப் பிசைஞ்சேன். சோறு மூணு பங்குன்னா கறி ஒரு பங்கு. உப்பு இல்லை, மஞ்சத்தூள் இல்லை, மிளகாய் இல்லை, எண்ணெய் இல்லை. வெங்காயம் பூண்டு கண்டிப்பா இல்லை. கறி இல்லாத வீட்டுல அவிச்ச முட்டை ஒண்ணை உதிர்த்துப் போடலாம். கறி முட்டை சமைக்காதவங்க குழைஞ்ச சோத்துல ஒரு கரண்டி புளிக்காத தயிர் விட்டுப் பிசையலாம். மஞ்சப் பூசணியை வேகவச்சு மசிச்சு ஒரு கரண்டி சேர்த்தா கழிச்சல் கெட்டிப்படும். பால் வேண்டாம். வளர்ந்த நாய் நிறைய பேருக்குப் பால் செரிக்காது, நல்லா இருக்கிற நாய்க்கே பேதியாகும்.

முதல் தடவை எலுமிச்சம்பழ அளவு ரெண்டு உருண்டைதான் வச்சேன். செவலை அதைத் தின்னுட்டு என்னைப் பாத்த பார்வை இருக்கே, ரேஷன் கடையில எடை குறைஞ்சா நாம பாக்குற பார்வை. ஆனா ரெண்டு மணி நேரம் கழிச்சு வாந்தி இல்லைன்னு தெரிஞ்ச பிறகுதான் அடுத்த ரெண்டு உருண்டை. மறுநாள் முழுக்க அப்படியே, ஒரு வேளைச் சோத்தை நாலஞ்சா பிரிச்சுக் கொடுத்தேன். மூணு நாள் இதே சாப்பாடு. நாலாம் நாள் வழக்கமா போடுற சோத்துல கால் பங்கு கலந்து, மறுநாள் பாதி, அதுக்கு மறுநாள் முக்கால்னு கொண்டு வந்தேன். வயித்தால நின்ன பிறகு ஒரு நாள், ரெண்டு நாள் வெளிய போகாது. குடல்ல ஒண்ணும் இல்லை, எதைப் போகும்? அதுக்காகப் பயந்து எதையும் ஊத்தாதீங்க. புல்லைக் கடிச்சாலும் விட்டுடுங்க. பூச்சி மருந்து அடிச்ச வரப்புப் புல்லா மட்டும் இருக்கக் கூடாது.

அந்த மூணு ராத்திரியும் நான்தான் கொட்டகையில கயித்துக் கட்டில் போட்டுப் படுத்தேன். செவலை கட்டிலுக்குக் கீழ. இலை அசைஞ்சாலும் எனக்குத் தூக்கம் கலைஞ்சுச்சு. சம்பளம் இல்லாம அது தினமும் பாக்குற வேலை எவ்வளவுன்னு அப்பத்தான் தெரிஞ்சுச்சு.

இப்ப மாத்திரை விஷயத்துக்கு வர்றேன். நம்ம மாத்திரையை நாய்க்குக் கொடுக்கவே கூடாது. காய்ச்சலுக்கு நாம போடுற பாராசிட்டமால் நாயோட ஈரலையும் ரத்தத்தையும் கெடுக்கும். பூனைக்குச் சின்னத் துண்டே போதும், உயிர் போயிடும். உடம்பு வலிக்குப் போடுற ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் இதெல்லாம் நாய்க்கு வயித்துல புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பேதி மாத்திரை குடலைக் கட்டிப்போடும். உள்ள விஷமோ கிருமியோ இருந்தா அதையும் சேர்த்துக் கட்டிப்போடும். எடை பாத்து எது கொடுக்கலாம்னு மருத்துவருக்குத்தான் தெரியும்.

நம்ம வீட்டுப் பண்டத்துலயும் சிலது நாய்க்கு ஆகாது. வெங்காயமும் பூண்டும் அதோட ரத்த அணுக்களை உடைக்கும். பழைய குழம்பை ஊத்திப் பிசைஞ்சு போடுறோமே, அதுல உருண்டு கிடக்கிறது என்ன? சாக்லேட் ஆகாது. திராட்சை, உலர்ந்த திராட்சை ஆகாது, சிறுநீரகம் கெடும். பொங்கல் அன்னைக்குச் சக்கரைப் பொங்கலையும் பாயசத்தையும் நாய்க்கு ஆசையா வைக்கிறவங்க இதை ஞாபகம் வச்சுக்கங்க. வேகவச்ச எலும்பு கூர் கூரா உடையும், குடலைக் குத்தும். பச்சை எலும்பை விட அதுதான் மோசம்.

இதுவரைக்கும் சொன்னது வீட்டுல பாக்கிற வயித்தால. வீட்டுல பாக்கக் கூடாத வயித்தால ஒண்ணு இருக்கு. அதைச் சொல்லத்தான் முக்கியமா வந்தேன்.

எங்க குழுவுல ஒரு மதினி வீட்டுல ரெண்டு மாசக் குட்டி ஒண்ணு. காலையில வாந்தி, மத்தியானம் ரத்தம் கலந்த கழிச்சல், கிட்டப் போக முடியாத நாத்தம். மதினி வேலைக்குப் போகாம அன்னைக்கே கூடையில வச்சு கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிட்டுப் போனாங்க. பார்வோ வைரஸ்னு சொன்னாங்க. நாலு நாள் குளுக்கோஸ் ஏத்தி ஊசி போட்டாங்க. பிழைச்சுடுச்சு. அதோட கூடப் பிறந்த குட்டி தெருக்கோடியில ஒரு வீட்டுல இருந்துச்சு. அங்க கஞ்சி கொடுத்தே ரெண்டு நாள் பாத்தாங்க. மூணாம் நாள் காலையில குட்டி இல்லை. அந்த வீட்டுப் பொண்ணு மூணாவது படிக்குது. பள்ளிக்கூடம் போகாம அழுதுச்சு.

ஒண்ணரை மாசத்துல இருந்து ஆறு மாசம் வரைக்கும் உள்ள குட்டிக்குத்தான் பார்வோ அதிகமா வரும். குட்டி உடம்புல தண்ணி வத்துறதுக்கு ஒரு நாள் போதும். அதனால குட்டின்னா காத்திருக்கிறதே கிடையாது. இதுக்குத் தடுப்பூசி இருக்கு. 6 முதல் 8 வாரத்துல முதல் ஊசி, அப்புறம் மூணு நாலு வாரத்துக்கு ஒரு தடவை, 16 வாரம் ஆகிற வரைக்கும் போடணும். குட்டி செத்த வீட்டுல உடனே இன்னொரு குட்டி கொண்டு வராதீங்க. அந்தக் கிருமி மண்ணுல மாசக்கணக்குல, ஏன், ஒரு வருஷம்கூட உயிரோட கிடக்கும். பினாயில் ஊத்தினா போகும்னு நம்பாதீங்க. சிமெண்டுத் தரையையும் சட்டியையும் முதல்ல சோப்புப் போட்டுக் கழுவிட்டு, பிளீச்சிங் கரைசல் ஊத்திப் பத்து நிமிஷம் ஊற விடணும்.

வளர்ந்த நாயா இருந்தாலும் கழிச்சல்லயோ வாந்தியிலயோ ரத்தம் வந்தா, தார் மாதிரி போனா, தண்ணி குடிச்சாலும் தங்காம கக்கினா, ஈறு வெளுத்திருந்தா, எந்திரிக்க முடியாம கிடந்தா, ஒரு நாள் பாத்தும் குறையலைன்னா, அன்னைக்கே தூக்கிட்டுப் போயிடணும். வயிறு பலூன் மாதிரி உப்பி, கக்க முயற்சி பண்ணி ஒண்ணும் வராம தவிச்சா அது மணிக்கணக்கு விவகாரம். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962. கொட்டகைச் சுவத்துல கரிக்கட்டையால எழுதி வச்சுடுங்க.

விஷமும் வயித்தால மாதிரித்தான் ஆரம்பிக்கும். வயல்ல மருந்து அடிச்ச நாள்ல நாய் வாயில எச்சில் ஒழுகி, உடம்பு நடுங்கி, கழிச்சலும் போனா கஞ்சி காய்ச்சிக்கிட்டு நிக்காதீங்க. உப்புத் தண்ணி ஊத்தி வாந்தி எடுக்க வைக்கவும் வேண்டாம். மருந்து டப்பாவையும் எடுத்துக்கிட்டு ஓடுங்க. எலி மருந்துல சிலது தின்ன அன்னைக்கு ஒண்ணும் காட்டாது. ரெண்டு மூணு நாள் கழிச்சுத்தான் உள்ள ரத்தம் கசியும். அதனால தின்னதைப் பாத்திருந்தா, நாய் நல்லாத்தானே இருக்குன்னு இருந்துடாதீங்க.

இன்னொண்ணு நம்ம உயிர் சம்பந்தப்பட்டது. நாய் சாப்பிட மாட்டேங்குது, எச்சில் ஒழுகுது, தொண்டையில எலும்பு மாட்டின மாதிரி முழுங்க முடியாம இருக்கு, குரல் மாறிப்போச்சுன்னா வாய்க்குள்ள கையை விடாதீங்க. வெறிநோய் அப்படியும் இருக்கும். நான் செவலையோட உதட்டைத் தூக்கிப் பாத்தேன்னு சொன்னது, வருஷா வருஷம் வெறிநோய் ஊசி போட்ட, என்னை அடையாளம் தெரிஞ்சு வாலாட்டின என் வீட்டு நாயை. தெரு நாய்க்கு அதைச் செய்யாதீங்க. கடிச்சாலோ, கையில காயம் இருந்து அதுல எச்சில் பட்டாலோ சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு அன்னைக்கே ஊசிக்குப் போகணும். மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பிக்கிட்டு உக்காரக் கூடாது.

கடைசியா ஆட்டுக்காரங்களுக்கு. நாய் வயித்துல இருக்கிற நாடாப்புழுவுக்கும் நம்ம ஆட்டுக்கும் சம்பந்தம் இருக்கு. புழு முட்டை நாயோட கழிச்சல்ல விழும், புல்லோட ஆடு தின்னும். ஒரு வகைப் புழு ஆட்டு மூளையில நீர்க்கட்டியா வளரும். ஆடு தலையைச் சாய்ச்சுக்கிட்டு ஒரே பக்கமாச் சுத்திச் சுத்தி வரும், பாத்திருப்பீங்க. செய்வினைன்னு சொல்லி மந்திரிக்கக் கூட்டிட்டுப் போறாங்க. இன்னொரு வகை ஈரல்லயும் நுரையீரல்லயும் கட்டியா வளரும், அது மனுசங்களுக்கும் வரும். ஆடு அறுக்கும்போது கட்டி இருக்கிற ஈரலையும் தலையையும் பச்சையா நாய்க்கு எறிஞ்சா அந்தப் புழு திரும்ப நாய் வயித்துக்குப் போகும், அங்க இருந்து திரும்ப நம்ம ஆட்டுக்கு. ஆழமாப் புதைச்சுடுங்க. நாய்க்கு மூணு மாசத்துக்கு ஒரு தடவை எடை பாத்துப் பூச்சி மாத்திரை கொடுங்க. ஆட்டுக்கு மருந்து வாங்கப் போற அன்னைக்கே இதையும் கேட்டு வாங்கிடலாம்.

நாயோட கழிச்சலை அள்ளும்போது கையில பிளாஸ்டிக் பையை மாட்டிக்கிட்டு அள்ளி, கிணத்துக்கும் பிள்ளைங்க விளையாடுற மணலுக்கும் தள்ளிப் புதைங்க. சோப்புப் போட்டுக் கை கழுவிட்டுத்தான் அடுப்படிக்குப் போகணும். நாயோட சட்டி தனியா இருக்கட்டும்.

வர்ற மாசம் எங்க ஊராட்சியில கால்நடை முகாம் வைக்கச் சொல்லி எங்க குழுவுல தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கோம். ஆட்டோட சேர்த்து நாய்க்கும் வெறிநோய் ஊசி போடணும்னு அதுல எழுதியிருக்கோம். மத்த ஊர்க் குழுக்களும் தீர்மானத்துல அந்த ஒரு வரியைச் சேர்த்துக்கங்க. பின் வரிசையில சிரிச்ச அக்காமாரும்தான்.